தங்கைக்கும் சேர்த்துக் கொடுத்த ரத்தம்

நானும் தங்கையும் உருவம் பிசகாத இரட்டையர்கள். எட்டு நிமிடம் முந்திப் பிறந்ததை வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாக அவளை அதிகாரம் செய்துவந்தேன். எனக்கு வேங்கிக்காலில் அலுவலக வேலை. அவளுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம்.

வருடாவருடம் அலுவலக மருத்துவ முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பேன். முடிவு வந்ததும் அவளுக்கு போன் செய்து, அவளுக்கும் நார்மல்தான் என்று சொல்லிவிடுவேன். ஒரே உடம்புக்கு எதற்கு இரண்டு ஊசி என்று பெரிய மேதாவியாக நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். ஊசிக்குப் பயந்தவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

பௌர்ணமிக்குச் சேர்ந்துதான் கிரிவலம் போவோம். ஒருமுறை பாதி வழியில் அவளுக்கு முட்டி வலி. என் பையில் இருந்த வலி மாத்திரையைக் கொடுத்தேன். எனக்கு ஒத்துக்கொண்டது அவளுக்கு ஒத்துக்கொள்ளாதா என்ன? மலையைச் சுற்றி முடித்துவிட்டுச் சிரித்தபடி பஸ் ஏறினாள்.

போன மாதம் வீட்டுக்கு வந்தவளின் முகம் உப்பியிருந்தது. காலை அழுத்தினால் விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. பதறிப்போய் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் பயம் தெளிய நானும் கூடவே ரத்தம் கொடுத்தேன். ஆல்புமின் என்ற புரதம் எனக்குச் சரியாக இருந்தது. அவளுக்கு அதில் பாதிகூட இல்லை. சிறுநீரில் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தத்தை மாற்றிவிட்டீர்கள் என்று லேப் பெண்ணிடம் சண்டைக்கே போனேன்.

என்ன மாத்திரை போடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். களை எடுக்கும்போது இடுப்பு வலிக்கிறது, இரண்டு வருடமாகத் தினமும் ஒன்று என்று சொல்லி, சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். கிரிவலத்தில் நான் கொடுத்த அதே மாத்திரை. நானும் எப்போதாவது அதைப் போடுவேன் என்று டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் இந்த மாத்திரை கிட்னியை இப்படிப் பண்ணாதும்மா. பிறவியிலயே உடம்புல அதுக்கு இடம் இருக்கணும். இவங்களுக்கு இருந்தா உங்களுக்கும் இருக்கும். நீங்க எப்பவோ ஒண்ணு போட்டீங்க, இவங்க தினமும் போட்டாங்க. ரத்தத்துல புரதம் எவ்ளோ இருக்கும்னு பிறப்பு மட்டும் முடிவு பண்றதில்ல."

போன வருட முகாமின்போது அவளும் எங்காவது ரத்தம் கொடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தடுத்தது நான்தான்.

மறுநாளே அட்மிட் ஆகச் சொன்னார்கள். சிறுநீரகம் எவ்வளவு தேறும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா அழுவுறே? உனக்கு எல்லாம் சரியாதானே இருக்குது. அப்ப எனக்கும் சரியாயிடும்."