எடுத்ததை வைத்துவிட்டு வரும் வழி

புது வருஷத்துத் தினசரிக் காலண்டர் நேற்று வீட்டுக்கு வந்தது. உறையைப் பிரித்ததும் மை வாசம். அந்த வாசம் பட்டால் போதும், சிவகாசியில் ஓர் அச்சாபீசின் கம்ப்யூட்டர் அறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். துணை. அவ்வளவுதான்.

என் மருமகள் மாரீஸ்வரி அங்கே கம்ப்யூட்டர் புரோகிராம் வேலை பார்த்தாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. காலண்டர் சீசனில் வீடு திரும்ப நேரமாகும். தனியாக வரக்கூடாது என்றான் என் மகன். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையை விட்டு நின்றிருந்த நான், காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். ஆம்பிளை யாராவது உள்ளே வந்தால் சுவரைப் பார்ப்பேன். அந்தச் சுவரில் தொங்கிய காலண்டர்களில் எந்தச் சாமிக்குப் பக்கத்தில் எந்தச் சாமி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அச்சடிக்கிற தகட்டைப் பிளேட் என்பார்கள்; அதைப் போடுகிற மெஷின் ஒன்று அங்கே இருந்தது. மெஷினை ஓட்டுவது கம்ப்யூட்டர். ஒரு பிளேட் கோணலாய்ச் சிக்கினால், சிக்கலை எடுத்த பிறகும் மெஷின் அசையாது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டும். வரிசையில் நின்ற வேலையெல்லாம் அதோடு போய்விடும். முதலாளி அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் காலண்டர் லோடு கிளம்புறதுக்குள்ள சரி பண்ணும்மா. இல்லைன்னா பழையபடி பிலிம் வச்சே பிளேட் போட்டுக்கலாம். நீ வீட்டுல இரு." என் மகனுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. "இந்த வேலை போச்சுன்னா வேற தேட வேண்டாம்" என்றான். மறுநாளும் அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

"அப்படி என்னம்மா அதுக்கு நோவு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் அடியில கெர்னல்னு ஒண்ணு இருக்கு அத்தை. மேல ஓடுற புரோகிராம் செத்துப்போனா, அது போட்டுட்டுப் போனதைக் கெர்னல் அள்ளிரும். கெர்னலே போட்டுட்டுப் போனா அள்ள ஆளில்ல. இந்த மெஷினை ஓட்டுற புரோகிராம் கெர்னலுக்குள்ளதான் ஓடுது. இதை எழுதுனவுக மெமரியை வாங்குறாக, ஒரு பூட்டைப் பூட்டுறாக, நடுவுல தப்பு வந்தா அப்படியே வெளிய ஓடிர்றாக. பூட்டு பூட்டுனபடியே கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாசு அறையில் எங்களுக்குச் சொன்னதே அதுதானே! பொறி தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடு, செருப்பைக்கூடத் தேடாதே. அப்படி ஓடியவள் என்பதால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

"நம்ம ஊர்க்காரக எழுதுனதோ?"

"மெட்ராஸ்காரக அத்தை. ஓட்டத்துல நம்மளை மிஞ்சிட்டாக."

சில இடத்தில் திருப்பிக் கொடுத்திருந்தார்களாம், சில இடத்தில் பாதி, சில இடத்தில் எடுக்காததையே கொடுத்திருந்தார்களாம். அது இன்னும் மோசமாம். ஒவ்வொரு ஓட்டையாக அடைக்க அவள் சம்மதிக்கவில்லை. தப்பு எங்கே நேர்ந்தாலும் அடியில் உள்ள ஒரே பாதைக்கு வந்து, கடைசியாக எடுத்ததை முதலில் வைத்து, எடுத்த மட்டுக்கும் வைத்துவிட்டு வெளியேறும்படி முழுக்க மாற்றி எழுதினாள்.

லோடு கிளம்ப வேண்டிய அன்று, அவளே ஒரு பிளேட்டைக் கோணலாகச் செருகினாள். மெஷின் கீச்சிட்டு நின்றது. அண்ணாச்சி ஓடி வந்தார்.

"லாரி நிக்குது, வெளையாடுறியாத்தா? அணை, அணை!"

அவர் கை சுவிட்சுக்குப் போனது. நான் எழுந்து குறுக்கே நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"தொடாதீக அண்ணாச்சி. அவ முடிக்கட்டும்."

"அடியாத்தி! இம்புட்டு நாளா ஊமைன்னுல்ல நெனச்சேன்."

"ஊமைன்னே வச்சுக்கோங்க. கையை எடுங்க."

மாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோணல் பிளேட்டை உருவினாள், நல்லதை வைத்தாள், கம்ப்யூட்டரில் தட்டினாள். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு பிளேட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. அண்ணாச்சி நம்பாமல் தானே ஒன்றைக் கோணலாகச் செருகிப் பார்த்தார். அதற்கும் அது சளைக்கவில்லை.

மறுநாள் காலை என் மகன் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அவளுக்கு வேலைக்குப் போற வேன் எத்தனை மணிக்கு?"

அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போய் வெகுநாளாகிறது. அச்சாபீஸ் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. மாரி எழுதியது மட்டும் வேறு ஊர் மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் பேச்சுவாக்கில், இப்போது புரோகிராம் வெளியே வந்தாலே எடுத்ததெல்லாம் தானாகத் திரும்பிப் போகிற ஏற்பாடு வந்துவிட்டது, அந்த அடிப்பாதை வரிகளை எடுத்தாயிற்று என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எவன் எடுத்தான்?" என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரி கேட்டேன்.

"நாந்தான் அத்தை" என்றாள் மாரி.