பொறியாளரின் நாற்காலி

காரிமங்கலம் சந்தையில் தக்காளி விற்கும் ராமக்காவுக்கு, புருஷன் தீர்த்தன் செத்ததை விடவும் அவன்மேல் சுமத்திய பொய்தான் ஆறாத ரணம்.

ஊருக்கு வரும் தார்ச்சாலையில் சிறுபாலம் கட்டுவதற்காக ஆளுயரப் பள்ளம் தோண்டி, தடுப்போ விளக்கோ வைக்காமல் மாசக்கணக்கில் போட்டுவைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து மொபட்டில் வந்த தீர்த்தன் அதற்குள் விழுந்து அங்கேயே போய்விட்டான். விடிவதற்குள் பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள்.

ராமக்கா வழக்குப் போட்டாள். வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் மாதவராஜ் கூண்டில் ஏறி, "தடுப்பெல்லாம் வச்சிருந்தோம். அவர்தான் குடிச்சிட்டு வந்து வுழுந்துட்டாரு" என்று கூசாமல் சொன்னார். தீர்த்தன் பீடிகூடத் தொடாதவன். ராமக்கா அழவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அதை நம்பவில்லை. பொதுச்சாலையில் பள்ளத்தைத் திறந்துபோட்டதற்கு அரசுதான் பொறுப்பு, நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. பணம் கட்ட வேண்டிய நெடுஞ்சாலைத்துறை அலுவலகமோ அசையவில்லை.

"பாதியை வாங்கிக்கிட்டு முடிச்சிக்கலாம்மா. மேல்கோர்ட்டுன்னு போனா இழுத்தடிப்பாங்க" என்றார் வக்கீல் கலைச்செல்வி.

"ஜப்தி பண்ணலாம்னு சொன்னீங்கல்ல மேடம், அதப் பண்ணுங்க. அந்தாளு உக்காந்திருக்கிற சேரு எனக்கு வேணும்."

கோர்ட் அமீனா ஜப்திக்குப் போன அன்று ராமக்கா முன்னால் நடந்தாள். ஜீப், கம்ப்யூட்டர் என்று குறித்துக்கொண்டே வந்தவரிடம் மாதவராஜின் நாற்காலியைக் காட்டினாள். அதில் உட்கார்ந்திருந்த மாதவராஜ் எழுந்து நின்றார்.

"ஒரு வாரம் டைம் குடுங்கம்மா."

"அத அப்புறம் பேசலாங்க. எம் வூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு சொன்னீங்களே, நெசமா?"

அலுவலகமே எட்டிப் பார்த்தது. மாதவராஜ் ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல வுழல. கத்திச் சொல்லுங்க."

"இல்லீங்கம்மா. அவரு குடிக்கல."

நாற்காலி வாசல் வெயிலுக்குப் போனது. அடுத்த வாரமே பணம் வந்தது; மாதவராஜை மொரப்பூர்ப் பக்கம் மாற்றினார்கள். ராமக்காவுக்கு அதுவும் போதவில்லை. ஒருநாள் பஸ் ஏறி மொரப்பூர் போய், அவர் பார்க்கும் சாலைகளில் நடந்தாள். ஓரிடத்தில் மூடாத பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். பள்ளத்துக்கு எதிரே இருந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வக்கீல் நம்பரைக் கொடுத்தாள்.

"யாராச்சும் வுழறதுக்கு முன்னால அந்தாளப் புடிங்க. எப்புடின்னு நான் சொல்லித் தர்றேன்."