இஞ்சினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க

நிற்கிற வண்டியின் கண்ணாடியைத் தட்டி, "இஞ்சினை நிப்பாட்டுங்க" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். வீண்புகையைக் குறைக்க மாகாணம் முழுவதும் எங்களைப் போட்டிருந்தார்கள். என் பங்குக்கு மட்டக்களப்பு. ஊருக்கு நல்லது சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

தள்ளு, தள்ளு

சித்தாண்டிச் சந்தியில் ஒரு தனியார் பஸ் ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டே நின்றது. வெயிலில் காத்திருந்தவர்களின் முகத்திலெல்லாம் கரும்புகை. நிறுத்தச் சொன்னேன். "வேணாம் மிஸ், சொன்னாக் கேளுங்க" என்றார் சாரதி. நான் விடவில்லை. பெருமூச்சோடு நிறுத்தினார்.

புறப்படும்போது சாவியைத் திருப்பினால் 'கிளிக்' என்ற சத்தம் மட்டும்தான். பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன். ஒருவழியாக பஸ் உயிர் பெற்று ஓட, மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "மிஸ், செங்கலடியிலயும் நிப்பாட்டுவம், தள்ள நீங்களும் வாறீங்களா?"

வளாக வாசலில்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வாசலில் ஒரு மாணவன், ஸ்டார்ட்டிலேயே நின்ற மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்பிள்ளைக்காகக் காத்திருக்கிறானாம். பெற்றோல் வரிசையில் நாமெல்லாம் காய்ந்த காலத்தை ஞாபகப்படுத்தினேன். பணிவாகத் தலையாட்டினான், கை மட்டும் சாவிக்குப் போகவில்லை. வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்: "அவட அண்ணன் வந்தா, உதைச்சு ஸ்டார்ட் பண்ண நேரமிருக்காது அக்கா."

ஆஸ்பத்திரி வாசலில்

நோயாளிகள் இருமிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பழைய வான் புகை கக்கியது. கோபத்தோடுதான் தட்டினேன். உள்ளே இருந்தவர் மாங்கேணி மீனவர். "பொஞ்சாதி உள்ளுக்க மிஸ். பிள்ள பிறக்கக் கஷ்டமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினா நானும் பின்னால ஓடவேணும். இது நிண்டா மறுகா கிளம்பாது."

ஓடுகிற இஞ்சினோடேயே வானை மரத்தடிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் நின்றேன். தாதி வந்து கூப்பிட்டதும், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓடுகிற இஞ்சினுக்கு நான் காவல்! போனவர் வெகுநேரம் வரவேயில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர் முதலில் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் அவர் சிரித்தது நன்றாகக் கேட்டது. "பொம்புளப் பிள்ள, மிஸ். ரெண்டு பேரும் சுகம். இனி நிக்கட்டும்."

இத்தனை நாள் ஊர் ஊராய் அலைந்ததில் ஒரு முன்னேற்றம் உண்டு: இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் கண்டதுமே சாரதிகள் இஞ்சினை நிறுத்துவதில்லை, வண்டியோடு புறப்பட்டே போய்விடுகிறார்கள்.