பாலம் வரை தள்ளிய வேன்

எங்கள் தோட்டத்தில் சொந்தமாக வேன் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். கல்யாணம், கருமாதி, பிரசவம், குளவிக் கொட்டு என்று எதுவானாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் தோட்டத்துத் துரைக்கு அடுத்தபடி பெரிய மனிதர் என் அப்பாதான் என்று ஒன்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய வேனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதன் சொந்த நிறம் என்னவென்று அப்பாவுக்கே தெரியாது. பெட்டரி பாதி நாள் செத்துத்தான் கிடக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு மேலே கோயில் திருப்பத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, டயருக்குக் கல் போட்டிருப்பார் அப்பா. காலையில் கல்லை எடுத்துவிட்டால் போதும். நாலு பேர் ஒரு தள்ளு தள்ளுவார்கள். முதல் வளைவில் அப்பா கியரைப் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வேன் இரண்டு முறை இருமி, கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பிவிடும். பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவோம். நிறுத்துவதற்கும் சாவி தேவையில்லை, ஒரு கம்பியை இழுத்தால் இஞ்சின் அடங்கிவிடும். "டீசலும் எறக்கமும் இருந்தாப் போதும், இதுக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். உண்மைதான். பெட்டரி என்பது விளக்குக்கும் ஹோர்னுக்கும் எனக்கும்தான். எனக்கு என்றால், ரேடியோவுக்கு. பொழுது சாயும் நேரத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். பெட்டரி இறங்கினாலும் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு கொழும்பில் கராஜ் ஒன்றில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு புது வேனோடு வந்தார். புதிது என்றால் எங்களுக்குப் புதிது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. அதுவும் டீசல்தான், ஆனால் புகையே இல்லை. நின்றுகொண்டு இயங்கும்போது இஞ்சின் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. மாமா சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த இஞ்சினைக் காட்டி, லயத்து ஆண்கள் எல்லோரும் கேட்கப் பாடம் நடத்தினார். பழைய வண்டியில் இஞ்சின் சுற்றினால் பம்பும் சேர்ந்து சுற்றும், டீசல் தானாகப் போகும், ஒரு ஸ்பேனர் இருந்தால் யாரும் சரிபண்ணலாம். இதில் எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று ஒரு சின்னப் பெட்டிதான் முடிவு பண்ணும்.

"இதுல மூளை இருக்கு மச்சான். ஆனா கரண்டு இல்லேன்னா அந்த மூளை செத்த மூளை. பெட்டரி விழுந்துச்சுன்னா எவ்வளவு தள்ளுனாலும் ஸ்டார்ட் ஆகாது."

எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். மாமா கொண்டுவந்த டொபியை வாயில் அடக்கிக்கொண்டு நானும் ஆட்டினேன். பழைய வேன் காய்கறி ஏற்றுவதற்காகக் கொட்டகலைப் பக்கம் போனது. புது வேனை அப்பா அதே கோயில் திருப்பத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் போட்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தத் தை மாதம் பனி புல்லைக் கருக்கிக்கொண்டிருந்தது. டயகமவில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை கொஞ்சம் குறுக்காகக் கிடக்கிறது, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா வேறு ஓட்டம் எதையும் எடுக்கவில்லை. வேனைக் கழுவி, டேங்கை நிரப்பி, பின் சீட்டில் கம்பளி விரித்துத் தயாராக வைத்திருந்தார். பேரனைத் தானே ஓட்டிக்கொண்டு வரப்போகிற மிதப்பு அவருக்கு. பேத்தியாக இருக்கலாம் என்று அம்மா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வலி காண்பதற்கு முதல் நாள் பொழுது சாய, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு நான் வேனுக்குப் போனேன். சாவியை இரண்டு திருகு திருகினால் முன்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன விளக்குகள் எரியும், பாட்டும் வரும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ரொட்டி ஆறிவிடும் என்று குதித்து ஓடினேன். ரேடியோவை மூடவில்லை. சாவியையும் எடுக்கவில்லை.

விடிகிற நேரத்தில் அக்காவுக்கு வலி வந்தது. அப்பா ஆணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே கோயில் திருப்பத்துக்கு ஓடினார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அக்காவை நடத்திக் கூட்டிவந்து பின் சீட்டில் படுக்க வைத்தபோது, அப்பா முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். டிக் என்றுகூடச் சத்தம் இல்லை. அவர் கை மெல்ல ரேடியோப் பக்கம் போய்க் குமிழைத் திருகி மூடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"யாராச்சும் பெக்டரிக்கு ஓடுங்க. லொறியக் கூட்டியாந்து வயர் போட்டா ஸ்டார்ட் ஆயிரும்" என்றார் அப்பா. தேயிலை ஆலை மேலே கூப்பிடு தூரம்தான். லொறி வந்துசேரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆனால் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய ஆண்கள் அத்தனை பேரும் அதற்குள் வேனுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். எத்தனை வருடப் பழக்கம்! "லொறி எதுக்குண்ணே? நாங்க இத்தன பேரு இருக்கோம்ல, நீங்க கியரப் போடுங்க!" என்று தோளைக் கொடுத்தார்கள். மாமா சொன்னது அப்பாவுக்கு மறந்திருக்காது. ஆனால் அந்த நேரம் அக்கா அலறினாள். அதற்குப் பிறகு யாரால் பத்து நிமிடம் காத்திருக்க முடியும்? அப்பா தானே இறங்கிக் கல்லைக் காலால் எட்டி உதைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

முதல் வளைவில் வேன் ஒரு முறை குலுங்கியது. இருமவில்லை. இரண்டாவது வளைவிலும் அப்படியே. டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். சந்தோஷமாகத்தான் ஓடினோம், அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. வேன் பள்ளத்தில் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றது. இனித் தள்ளுவதற்கு இறக்கமும் இல்லை, திரும்ப ஏற்றுவதற்கு வழியும் இல்லை. அந்தப் பாதையில் லொறி இறங்காது.

கம்பளியின் நாலு மூலையையும் பிடித்து அக்காவை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். பனியில் நனைந்த படிக்கட்டு வழுக்கியது. பாதி மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இனி முடியாது என்று அம்மா இறக்கச் சொன்னாள். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்து நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை. அம்மா அதன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரோ ஓடிப்போய்க் கூட்டிவந்து மேலே நிறுத்திய லொறியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா பிழைத்தாள். ஆனால் இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேதி கேட்டு வந்த மாமா வேனைப் பார்த்துவிட்டு, அக்கா படுத்திருந்த அறையில் வைத்தே கேட்டார். "பெட்டரி சுத்தமா எறங்கிப் போயிருக்கு. ராத்திரி பூரா எதையோ அணைக்காம விட்டுருக்கீங்க. யாரு பண்ண வேல இது?"

"நான்தான். உள்ள லைட்ட அணைக்க மறந்துட்டேன்" என்றார் அப்பா.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லுவாள். அவர் செத்துப் பல வருடம் கழித்து நான் கார் ஓட்டப் பழகினேன். இஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்காதீர்கள், பெட்டரி இறங்கிவிடும் என்று பழக்கியவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் பயந்துபோனார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லைட்டை அணைக்கத் தெரியாத மனிதர், இவருக்கு எதற்கு வேன் என்று நினைத்தேன். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "நானும் இனி அவருகூடப் பேச மாட்டேங்க்கா" என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். நான் கையில் கொடுக்காமல் அவருக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். "பாப்பா" என்று ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. அவர் குனிந்து கோப்பையை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அதைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.