இருபது கிலோ கூடிய கதை

போன செவ்வாய்க்கிழமை என் எடை இருபது கிலோ கூடிவிட்டது. நம்பவில்லையா? பிரிண்ட் எடுத்த சீட்டே இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது தூத்துக்குடி துறைமுகச் சாலையில், ஒரு லாரி எடை மேடையில். லாரிகளை நிறுக்கும் மெஷின் சில்லறை பார்க்காது. இருபது இருபதாகத்தான் எண்ணும். நாற்பத்தொன்பது கிலோ ஆளை நாற்பது என்று காட்டும். ஐம்பத்தொன்றை அறுபது என்று காட்டும். அந்த நாற்பது... அடியேன்தான்.

பிறவி ஒல்லி நான். ஒல்லி ஆட்களுக்கு ஒரு சலுகை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? குண்டானவர் ஒரு வடையை எடுத்தால் ஊரே புத்தி சொல்லும். நாங்கள் எடுத்தால், "ஒனக்கென்ன, இன்னும் ரெண்டு தின்னு" என்று தட்டை நகர்த்தும். நானும் தின்றேன். பத்து மணிக்குப் பருப்பு வடை, பதினொன்றுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன், பன்னிரண்டரைக்குக் காராச்சேவு. ஒரு மணிக்கு மனைவி ஜெபா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்தால்... வயிற்றில் இடம் ஏது?

ஆனால் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீட்டுக்குப் போகும். ஆறுமுகநேரியிலிருந்து உப்பு லோடு கொண்டுவரும் தங்கராஜ் அண்ணாச்சி எதற்கு இருக்கிறார்? சரியாக ஒரு மணிக்குக் கை கழுவிக்கொண்டு வந்து நிற்பார். "தம்பி, சாளைக் கொழம்பா? மணக்கே" என்பார். அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஜெபாவின் சொந்த ஊரான நாசரேத் பக்கம் போயிருந்தோம். சர்ச்சில் ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் அசனம். எதிர்ப் பந்தியில் அவளுடைய பெரியம்மா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜெபாவிடம் கேட்டார்:

"ஏளா, மாப்பிள்ளைக்குச் சோறு போடுதியா, இல்லியா?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், கூறுகெட்டவன். ஜெபா சிரிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள். "நாளையிலருந்து ஒரு முட்டையும் சேத்து வைக்கேன். எஞ் சமையல்லதான் என்னமோ சத்துக் காணல."

எனக்குச் சுருக்கென்றது. விடிகாலை எழுந்து சமைக்கிறவளுக்குக் கெட்ட பெயர். மக்ரூன் தின்கிறவனுக்கு அனுதாபம் – இது என்ன நியாயம்? வெட்கமாக இருந்தது.

மறுநாளே நொறுக்குத்தீனிக்கு முழுக்குப் போட்டேன். முதல் வாரம் முழுக்க, பதினொரு மணியானால் கை தானாக மேஜை டிராயருக்குப் போகும். உள்ளே ஸ்டேப்ளர்தான் இருக்கும். ஒரு மணிக்கு... பசித்தது. நாற்பத்துமூன்று வயதில்தான் பசி என்றால் என்னவென்று கண்டுபிடித்தேன்.

"இன்னைக்கு நானே சாப்பிடுதேன் அண்ணாச்சி" என்றேன். கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

மூன்று மாதம் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் கூடியது இரண்டே கிலோ. மெஷின் புண்ணியத்தில் அது இருபது. சீட்டை ஜெபாவிடம் நீட்டினேன். மெஷினின் கணக்கு, மக்ரூன், அண்ணாச்சி – ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தால், அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணாச்சி கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னாவளா?"

"தெனமும் வழிச்சு நக்கிட்டுத்தான் போவாரு."

அப்போதுதான் சிரித்தாள். சீட்டு இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. பெரியம்மா வந்தால் காட்டுவதற்காம்.

நேற்று ஒரு மணி வாக்கில் அண்ணாச்சி உப்பை இறக்கிவிட்டு, காலி லாரியோடு மேடையில் ஏறினார். வழக்கமாகக் காட்டுவதைவிட இருபது கிலோ கம்மி. ஜன்னல் வழியாக அவரை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வாடித்தான் இருந்தார்.

"வீட்டுல சோறு போடுதாவளா, அண்ணாச்சி?" – நுனி நாக்கு வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு வலிக்காது. அவர் வீட்டம்மாவுக்குத்தான் போய் வலிக்கும்.

டிபன் பாக்ஸைத் திறந்து, பாதிச் சோற்றையும் குழம்பையும் மூடியில் வைத்து நீட்டினேன்.

முட்டை மட்டும் எனக்குத்தான்.