இடது பக்கம் இழுத்த பாட்டு

திங்கட்கிழமை காலை சாந்தோம் வீட்டில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வசந்தாக்காவின் கணவர். "பிலோமினா, வசந்தா போயிட்டா" என்றார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தி. நகர் வங்கிக் கிளையில் அவருடன் வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவருடைய பாட்டுப் பைத்தியம் தெரியும். போனஸ் வந்தால் நாம் புடவைக் கடைக்குப் போவோம்; அவர் ஸ்பீக்கர் பார்க்கப் போவார். "விலையைப் பாக்காதே, பேரைப் பாக்காதே. கண்ணை மூடிண்டு கேளு" என்பார்.

அப்படிக் கேட்கத்தான் போன வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம் என்னை அடையாறு வீட்டுக்குக் கூப்பிட்டார். கேசட்டை விட்டு சிடிக்கு மாறியிருந்தார். சிடியில் எண்களாகப் பதிந்திருப்பதை ஒலியாக்கித் தரும் கன்வர்ட்டர் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டைக் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தார். எது எந்தப் பெட்டி என்று சொல்லாமல் மாற்றி மாற்றி இணைப்பது என் வேலை.

முதல் பெட்டியிலேயே முகம் சுளித்தார். "எல்லாம் இடது பக்கமா இழுக்கறதே."

இரண்டாவதை இணைத்தேன். "இதுவும் அப்படித்தான்."

ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது.

அவர் எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது ஸ்பீக்கர்கள் முதுகுக்குப் பின்னால். கொஞ்ச நேரம் கேட்டார்.

"இப்பவும் என் இடது பக்கம்தான். பெட்டி இல்லை பிலோ, என் காது" என்றார். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடி வலித்தது.

வலது காது நரம்பில் கட்டி. ஆபரேஷனோடு அந்தக் காது போயிற்று. வீடு திரும்பியதும் அதே இரண்டு பெட்டிகளையும் மறுபடி வரவழைத்தார். ஒற்றைக் காதால் கேட்டு, "இதுல பாடறவா மூச்சு விடறதுகூடக் கேக்கறது" என்று ஒன்றை வைத்துக்கொண்டார். தினமும் எழுந்ததும் அதைப் போடுவாராம். பாட்டுக்காக இல்லை, இடது காது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. "சத்தம் வர வரைக்கும் பட்டன்லேர்ந்து விரலை எடுக்க மாட்டேன்" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார்.

கட்டி மறுபடி வந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "பயப்படாதீங்கக்கா" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே பிலோ. நீ சொன்னா நான் பயப்படாத மாதிரி நடிக்கணும். எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீயும் பயந்துண்டே பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை இரண்டு பேரும் பயந்துகொண்டே இருந்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். பயந்தவர்களிடம் இப்போதெல்லாம் பயப்படாதே என்று சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.