திருவாதவூர்த் தோட்டத்தில் விதை பிடித்த கஞ்சா

யுத்தத்துக்குப் பெட்ரோலெல்லாம் போய்விட, பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தை மாதம் நான் திருவாதவூர் போய் வந்தேன். மதுரையிலிருந்து பதின்மூன்று மைல்தான். ஆனாலும் காசிக்குப் போனவன்கூட இத்தனை பார்த்திருக்க மாட்டான் என்று துணிந்து சொல்வேன்.

அழைத்தவர் கோரிப்பாளையம் ஹக்கீம் சாயபு. யூனானி வைத்தியர், என் இருபது வருஷ சிநேகிதர். தூக்கம் கெட்டவர்களுக்கும் வயிற்றுவலிக்காரர்களுக்கும் அவர் கிண்டும் லேகியத்துக்குக் கஞ்சா வேண்டும். சர்க்கார் அனுமதி வாங்கி, திருவாதவூரில் சின்னக்கருப்பன் என்ற சம்சாரியின் கிணற்றடித் தோட்டத்தில் செடி வைத்திருந்தார். நாற்பது செடிதான். என் கண்ணுக்கு அது நானூறு.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் பூத்தூள் பட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும். மருந்துக்கு வேண்டிய பிசினும் மணமும் குறைந்து போகும். அதனால் மொட்டு தெரிந்ததுமே ஆணையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள். சின்னக்கருப்பனும் ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தான். அப்படியும் விதை பிடித்துவிட்டது. தூள் எங்கிருந்து வந்தது? பக்கத்து வயல்காரன் ஆண்டி திருட்டுத்தனமாகச் செடி வளர்க்கிறான், அங்கிருந்துதான் காற்றில் வந்தது என்று சின்னக்கருப்பன் முடிவு கட்டிவிட்டான்.

இந்த ஆண்டி வேறு யாருமில்லை, சின்னக்கருப்பன் பெண்டாட்டி பேச்சியின் சொந்தத் தம்பி. வெள்ளிக்கிழமை சின்னக்கருப்பன் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இவனோ, கலால் அதிகாரியிடம் சொல்லி அந்தத் தாய்மாமனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று நிற்கிறான்.

"அண்ணே, நீங்க வந்தாத்தான் அடங்குவாங்க," என்றார் ஹக்கீம். அதுவும் வாஸ்தவம். சிம்மக்கல்லில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், மூன்றாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்திருக்கிறேன், நான் குரலை உயர்த்தினால் அண்டா தானாக அதிரும்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு சிம்மக்கல்லில் மேலூர் பஸ் பிடித்தோம். ஒத்தக்கடைக்கு ஆளுக்கு இரண்டணா. என் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கண்டக்டர் முன் ஸீட் கொடுத்தான். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு. க்ளீனர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வண்டி இருமும், பிறகு நகரும். ஆறு மைலுக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் கை வைத்ததும்தான் வண்டி ஏறியது.

ஒத்தக்கடையில் இறங்கினால் எதிரே ஆனைமலை. படுத்திருக்கும் யானை என்பார்கள். வெயில் ஏற ஏற அதன் முதுகில் நிறம் மாறுவதைப் பார்த்தால் மூச்சு விடுகிறது என்றே தோன்றும். இப்படி ஒரு கல் இங்கிலாந்திலேயே கிடையாது என்று ஒரு துரை என் கடையில் சொம்பு வாங்கும்போது சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து ஏழு மைல் மாட்டுவண்டி, எட்டணா. வண்டிக்காரருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

"ரெண்டு பேரும் நல்ல மனுசங்கதாண்ணே. அந்தச் செடி மேல காத்து பட்டாலே கிறுக்குப் பிடிக்கும் போலருக்கு," என்றார்.

"லேகியமாச் சாப்பிட்டா தெளியும்," என்றார் ஹக்கீம்.

"அப்ப மச்சானுக்கும் மாப்ளைக்கும் ஆளுக்கு ஒரு உருண்டை குடுத்துட்டு வாங்க."

முதலில் ஆண்டியின் வயலுக்குப் போனோம். பருத்தி போட்டிருந்தான். வரப்போரம் நாருக்கென்று ஆளுயரத்துக்கு ஒரு வரிசை நின்றது. விரல் விரலாகப் பிரிந்த இலை. கஞ்சாவேதான் என்று எனக்குத் தோன்றியது. பாய்ந்து போய் ஒரு தண்டைப் பிடித்தேன். "பாய், அகப்பட்டுச்சு."

உள்ளங்கை முழுக்கச் சுணை ஏறியது.

ஆண்டி முப்பது வயது ஆள், மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். "அண்ணே, அது புளிச்ச. கீரையக் கிள்ளிக் கொழம்பு வைக்கலாம். தண்ட உரிச்சா கயிறு திரிக்கலாம். கஞ்சாக் கேசுக்கு ஆகாது," என்றான்.

இலை அப்படி ஒரு அச்சு. எத்தனை பெரிய படிப்பாளியும் ஏமாறுவான்.

"இந்தப் புளிச்சைக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு மச்சான் சொல்றாராம்ல. முழுசாத் தேடிக்கிருங்க. ஒரு செடி இருந்தாலும் நானே கலால் ஆபீசுக்கு நடந்து போறேன்," என்றான். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். குற்றம் சாட்ட வந்தவனுக்கு மோர் கொடுக்கும் மனசு லேசில் வராது. நான் ஒரு மணி நேரம் ஒவ்வொரு சாலிலும் நுழைந்து தேடினேன். ஒன்றும் இல்லை.

அடுத்தது சின்னக்கருப்பனின் தோட்டம். சுற்றிலும் மண்சுவர், பூட்டுப் போட்ட படல். உள்ளே போனதும் வாசனை ஆளைத் தூக்கியது. செடிகள் என் தலைக்கு மேலே நின்றன. வீட்டில் வந்து பனையுயரம் என்று சொன்னேன், அதை நீங்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பூங்கதிரைப் பிதுக்கிக் காட்டினான் சின்னக்கருப்பன். சாம்பல் நிறத்தில் பிஞ்சு விதை.

"பாத்தீகளா, அவென் வேலைய. நாளைக்கே மதுரைக்கு வாரேன், எழுதிக் குடுக்கத்தான் போறேன்," என்றான்.

பேச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். புருஷன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சொம்பை நீட்டியவள் என்னையே பார்த்தாள்.

"அண்ணே, கோட்டுல என்ன மஞ்சப்பொடி?"

குனிந்து பார்த்தேன். கைப்பக்கமும் இடுப்புப் பக்கமும் வெளிர் மஞ்சளாய் மாவு தூவினாற்போல் இருந்தது. "ஆனைமலைத் தூசி," என்றேன்.

ஹக்கீம் ஒரு சிட்டிகை தொட்டு விரலில் தேய்த்தார். "இல்லண்ணே. ஆண்டி வயல்ல அம்புட்டு நேரம் சுத்துனீங்க, அப்ப கோட்டு சுத்தமா இருந்துச்சு. இது இங்கன ஒட்டுனது. தூளு இந்தச் சுவத்துக்குள்ளதான் இருக்கு."

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கோட்டின் பெருமை. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு ஒரு வரிசை நடப்பேன், வெளியே வந்து காட்டுவேன். முதல் வரிசை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது வரிசையின் கோடியில் மஞ்சள் ஒட்டியது. அங்கே நின்ற செடியை ஹக்கீம் கிளை கிளையாக விலக்கினார். மற்றச் செடிகளைப் போலவே பெண் பூ; ஆனால் அதன் நடுவே குட்டி வாழைச்சீப்பு மாதிரி மஞ்சளாய் ஏதோ தொங்கியது. தொட்டதும் தூள் உதிர்ந்தது.

"இது பொம்பளைச் செடிதான். ஆனா தானே ஆம்பளையாவும் ஆயிருச்சு. தனக்கும் விதை கட்டி, சுத்தி நிக்கிறதையும் கெடுத்திருச்சு. தண்ணியில்லாம வாடுனா சில செடி இப்புடிப் பண்ணும். வம்சம் அத்துப் போயிருமோன்னு அதுக்கு ஒரு பயம்," என்றார் ஹக்கீம்.

"அந்தக் கோடிக்கு வாய்க்கா எட்டலன்னு எத்தன தடவ சொன்னேன்," என்றாள் பேச்சி. "வெட்டி விட நேரமில்ல. எந்தம்பியத் திட்ட மட்டும் நேரம் இருந்துச்சு."

சின்னக்கருப்பன் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். ஹக்கீம் சொன்னபடி செடி மேல் தண்ணீர் தெளித்துத் தூளை அடக்கினான். நனைத்த சாக்கைப் போர்த்தி, குலுக்காமல் வேரோடு எடுத்தான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே ஆண்டி வயலைப் பார்க்க நடந்தான். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"மாப்ள," என்றான் வரப்பில் நின்று.

ஆண்டி திரும்பவில்லை. "யாரு, கலால் ஆபீசரா?"

"உங்கக்கா புருசன்."

"அப்புடி ஒருத்தர் இருந்தாரு."

சின்னக்கருப்பன் சாக்கைத் தரையில் வைத்துப் பிரித்தான். "என் தோட்டத்துலதான் இருந்துச்சு. ஒன்னுலயே ரெண்டு பூவும் பூத்திருக்கு. உன்னயத் திட்டிட்டேன்."

ஆண்டி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தான். "எம்புட்டுச் சத்தமாத் திட்டுனீக, மச்சான்?"

"ஊருக்கே கேக்கத்தான்."

"அப்ப ஊருக்கே கேக்கக் கூப்புடுங்க."

சின்னக்கருப்பன் எங்களைப் பார்த்தான். பேச்சி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துக் கத்தினான்: "மாப்ள ஆண்டி, வெள்ளிக்கெழம எம்மகளுக்குக் காதுகுத்து. நீ வந்து மடி குடுக்கணும்."

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "அரைகுறையாத்தான் கேட்டுச்சு, இன்னொரு தடவ," என்றாள் ஒருத்தி. மறுபடியும் கத்தினான். மூன்றாவது முறை ஆண்டியே போய் அவன் வாயைப் பொத்தினான்.

அன்றே திரும்புவதாக இருந்தவன் வெள்ளிக்கிழமை வரை தங்கிவிட்டேன். ஆசாரி ஊசியை வைக்கும்போது பிள்ளை அழவில்லை. மாமன் மடியிலிருந்து தூக்கும்போதுதான் ஊரைக் கூட்டியது. மருந்துக்குப் பாதிச் செடி தேறியது. அந்த விதையை மட்டும் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம், பிள்ளைகளும் அதே புத்தியில்தான் வரும் என்று ஹக்கீம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியூர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஊர் கேட்கத் திட்டியதை ஊர் கேட்கவே திருப்பி எடுக்க வைக்கும் ஜனங்களை வேறெங்கும் பார்க்க முடியாது என்று சத்தியம் செய்வேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பஸ்ஸையே பிடியுங்கள். வெயில் ஏறினால் கரி வண்டிக்கும் சோம்பல் வந்துவிடும். ஒத்தக்கடையில் வண்டி பேசும்போது திரும்பி வரும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். இலையைப் பார்த்துவிட்டுத் தண்டைப் பிடிக்காதீர்கள். தோட்டத்துக்குக் கண்மாய்க்கரையைச் சுற்றிப் போகச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். ஆண்டியின் பருத்திக்கும் சின்னக்கருப்பனின் சுவருக்கும் நடுவே இருந்த முள்வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டிருக்கிறார்கள். அரை மைல் மிச்சம்.